மரத்தடியில் வைத்த நாற்காலிக்கு இழப்பீடு உண்டா?

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது, காது வழியாக. மொன்றியாலில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், இழப்பீடு கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகளை எடுப்பது என் வேலை. புதுச்சேரிப் பள்ளிக்கூடத்தில் முட்டியில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு இப்படிச் சோறு போடும் என்று நான் நினைத்ததே இல்லை. நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் சோறு போய்விடும். கூப்பிட்டவர்களின் பெயர், தெரு, தொழில், நாற்காலியின் நிறம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். நான் கேட்ட கேள்வியை மட்டும் மாற்றவில்லை. அது கணினித் திரையில் எழுதி வைத்திருக்கும் கேள்வி, அதில் கைவைக்க எனக்கு அதிகாரம் கிடையாது.

எழுத உட்கார்ந்ததும் வந்த முதல் வரி இது:

[வாடகை வீட்டில் குடியிருப்போருக்கான காப்பீடு என்பது, எதிர்பாராத இழப்புகளின்போது குடியிருப்பவரின் அசையும் பொருள்களுக்கு...]

எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. அடுத்தது:

[ஜூலை முதல் தேதி, ஊரே தலையில் மெத்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்த அந்தக் காலையில், ரேஜான் என்ற மனிதர் தன் நாற்காலியையும் தன் காதலியையும் ஒரே நேரத்தில்...]

ஒரே நேரத்தில் என்ன? தொலைத்தாரா? பெற்றாரா? இப்போதைக்கு எனக்குத் தெரியாது. தெரியாததை முதல் வரியில் எழுதித் தொலைத்தால் கடைசிப் பக்கம் வரை அதற்குக் கட்டுப்பட வேண்டும். இரண்டு வரிகளையும் அழிக்காமல் விட்டிருக்கிறேன். நான் பட்ட பாட்டில் கொஞ்சம் நீங்களும் படுங்கள்.

2

கதைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் காப்பீட்டைச் சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், கையெழுத்துக் கேட்க மாட்டேன்.

ஹவுஸ் ஓனர்* ஒரு காப்பீடு எடுத்திருப்பார். அது அவருடைய சுவருக்கு, கூரைக்கு, குழாய்க்கு. கட்டடம் எரிந்தால் பணம் அவருக்கு வரும். உள்ளே எரிந்த உங்கள் மெத்தைக்கும் சட்டைக்கும் டிவிக்கும் அதிலிருந்து சல்லிக்காசு வராது. பாதிப் பேர் இதைத் தெரிந்துகொள்வதே தீயணைப்பு வண்டி வந்து போன பிறகுதான். "அதான் ஓனர் இன்சூரன்ஸ் வச்சிருக்காரே!" என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள். வச்சிருக்கிறார் தாயே, அவருக்கு வச்சிருக்கிறார்.

உங்கள் பொருளுக்கு நீங்கள்தான் தனியாக எடுக்க வேண்டும். திருட்டுப் போனால் கொடுப்போம். நீங்கள் குளியல் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்து, கீழ்வீட்டுக்காரரின் உட்கூரை அவருடைய சூப்பில் விழுந்தால், அவருக்கும் உங்கள் சார்பில் கொடுப்போம். வீடு குடியிருக்க லாயக்கில்லாமல் போனால் ஓட்டல் வாடகையும் உண்டு. மாதா மாதம் கட்டுவது ஒரு பீட்சா, இரண்டு பீர் விலை. இவ்வளவுதான் விஷயம். இதற்குப் போய் அறுபது பக்கத்துக்கு ஒரு புத்தகம் அனுப்புகிறோம், அதை யாரும் படிப்பதில்லை.

* வீட்டுக்காரர் என்றே எழுதலாம்தான். ஆனால் நம் ஊரில் வாடகை வாங்குகிறவரும் வீட்டுக்காரர், புருஷனும் வீட்டுக்காரர். இந்தக் கதையில் யார் யாருக்கு என்ன உறவு என்பதே தகராறு. எனவே ஹவுஸ் ஓனர் என்றே இருக்கட்டும்.

3

இனி ஆட்கள். இரண்டே பேர்தான்.

ரேஜான் பெல்யுமேர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர், ஐம்பதைத் தாண்டியவர், மீசை உண்டு. (மீசையை நான்தான் வைத்தேன். குரலில் மீசை இருந்தது.) விவாகரத்தாகி வெளியே வந்தபோது அந்த வீட்டிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு நாற்காலி. தோல் போர்த்திய பெரிய நாற்காலி. பொத்தானை அழுத்தினால் முதுகு சாயும், கால் பலகை எழும்பும். கைப்பிடி கிழிந்த இடத்தில் ஹாக்கி மட்டைக்குச் சுற்றும் கறுப்பு டேப்பைச் சுற்றி வைத்திருந்தார். வருகிறவர்களிடமெல்லாம், கல்யாணத்திலிருந்து தான் உயிரோடு காப்பாற்றிக் கொண்டுவந்தது இது ஒன்றைத்தான் என்று சொல்வார். கீலேன் இருக்கும்போதும் சொல்வார்.

கீலேன் லாஃப்ரெனியேர் நகராட்சி நீச்சல் குளத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும் வயதானவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவள். குளத்தின் அந்தக் கோடிவரை கேட்க வேண்டிய குரல். வீட்டிலும் அதே குரல்தான். ரேஜானுக்கு 'அவர்', கீலேனுக்கு மட்டும் 'அவளா' என்று நீங்கள் மூக்கைச் சிந்துவதற்குள் சொல்லிவிடுகிறேன்: அவளை எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்தவர்களை நான் 'ர்' போட்டுத் தள்ளி நிறுத்துவதில்லை.

இருவருக்கும் பல வருடப் பழக்கம். ஒரே ஊருக்குள் அவருக்கு ரோஸ்மோனில் ஒரு வாடகை வீடு, அவளுக்கு வெர்தனில் ஒரு வாடகை வீடு. சனி, ஞாயிறு அங்கே அல்லது இங்கே. கல்யாணப் பேச்சே இல்லை, இந்த ஊரில் பேரன் பேத்தி எடுத்தவர்களே கல்யாணம் செய்துகொள்ளாமல் நிம்மதியாக இருக்கிறார்கள். கடைசியில் இந்த வருடம் வில்ரே பக்கம் ஒரு வீடு பார்த்து, சேர்ந்து குடிபோவது என்று முடிவு செய்தார்கள்.

இங்கே ஒன்றை நீங்கள் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். வெர்தன் வீட்டில் கீலேன் இளம்பெண்ணாக நுழைந்த காலத்து வாடகையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தொகையை இப்போது வீடு தேடுகிற யாரிடமாவது சொன்னால் உட்கார்ந்து அழுதுவிடுவார்கள். அப்படி ஒரு வீட்டை விட்டால் விட்டதுதான். மறுநாளே ஓனர் இரண்டு மடங்குக்கு வேறு ஆளை வைத்துவிடுவார். தோழிகள் எல்லோரும், புருஷனை விடு, பிள்ளையை விடு, அந்த வீட்டை மட்டும் விடாதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். அவள் விட்டாள். ரேஜானுக்காக விட்டாள்.

ஊர் வாடகைக்கு இருந்த ரோஸ்மோன் வீட்டைத் தவிர, ரேஜான் எதையும் விடவில்லை. நாற்காலி உட்பட.

வில்ரே ஓனர், காப்பீடு எடுத்த சான்றைக் காட்டினால்தான் சாவி என்று சொல்லிவிட்டார். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம் என்று ரேஜான் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டார். (அவர் சொன்னது வேறு. அதை அப்படியே எழுதினால் அச்சுக்குப் போகாது.) கடைசியில் எங்கள் விற்பனைப் பிரிவுக்குப் போன் போட்டார். உங்களோடு வேறு யாரும் குடியிருக்கிறார்களா என்று கேட்டார்கள். ஆமாம், கீலேன் என்றார். அவர் உங்களுக்கு யார் என்று கேட்டார்கள்.

திரையில் இரண்டே கட்டங்கள். துணைவர். உடன் குடியிருப்பவர்.

"அத அப்புறம் சொல்றேன்" என்றார் ரேஜான்.

விற்பனைப் பிரிவுக்குப் பாலிசி விற்றால் போதும். கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார்கள்.

4

ஜூலை முதல் தேதி.

[அன்று வானம்...] வானம் எப்படி இருந்தால் என்ன, அன்று யாரும் மேலே பார்ப்பதில்லை. ஊரில் முக்கால்வாசி வாடகை ஒப்பந்தமும் முந்தின நாளோடு முடிகிறது. எல்லோரும் ஒரே நாளில் வீடு மாறுகிறார்கள். குளிர்சாதனப் பெட்டி, அடுப்பு எல்லாம் குடியிருப்பவரே சுமந்து போக வேண்டும். அதுவும் தெருவிலிருந்து முறுக்கிக்கொண்டு ஏறும் இரும்புப் படிக்கட்டில். கூலி ஆட்கள் அன்று யானை விலை கேட்பார்கள் என்பதால் நண்பர்களைப் பீட்சாவுக்கும் பீருக்கும் பிடித்து வைப்பது வழக்கம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. அன்றைக்கு நடைபாதையில் மரத்தடியில் வைத்த பொருள் ஊருக்குச் சொந்தம். வேண்டாததை மரத்தடியில் வைத்தால் வேண்டியவர் எடுத்துக்கொண்டு போவார். படிக்கட்டு ஓரமாக வைத்தால், இது எங்களுடையது, ஏற்றப் போகிறோம், தொடாதே என்று பொருள். சட்டத்தில் இதெல்லாம் இல்லை. கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இரண்டு பேர் சேர்ந்து குடிவந்ததில் இரண்டு குளிர்சாதனப் பெட்டிகள் வந்துவிட்டன. ஒன்று படிக்கட்டின் நடுவில் சிக்கிக்கொண்டு நின்றது. மேலே நின்று ரேஜான் ஸ்டியரிங் திருப்புகிறவர் மாதிரி கையைக் காட்டி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். கீழே நண்பர்கள், எந்தப் பக்கம் சாய்ப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொன்று படிக்கட்டு ஓரத்தை முழுசாக அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் அடுத்த லாரி ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. வண்டியில் மிச்சம் இருந்தது நாற்காலி மட்டும். கீலேன் அதை இறக்கினாள். வைக்க இடம் இல்லை. தள்ளிக்கொண்டு போய் மரத்தடியில் வைத்தாள்.

ரேஜான் கீழே வந்தபோது மரம் இருந்தது.

5

இங்கே மூன்று நாள் நின்றுவிட்டேன். கீலேன் அதை எதற்காக அங்கே வைத்தாள்?

முதலில் அப்பாவியாக எழுதிப் பார்த்தேன். [இடம் இல்லையே, ஐந்து நிமிடம்தானே என்று வைத்துவிட்டு, பாவம், கீலேன் தண்ணீர் குடிக்கத் திரும்பியபோது...] எழுதும்போதே அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது. முப்பது வருடமாக இந்த ஊரில் மற்றவர்கள் வீடு மாற உதவுகிற ஒருத்திக்கு மரத்தடி தெரியாதா?

சரி, வேண்டுமென்றே என்று எழுதினேன். [சனியன் ஒழிந்தது என்று கையைத் தட்டிவிட்டு, கீலேன்...] அதுவும் சரியாக வரவில்லை. வில்லியாகிவிட்டாள். தன் வீட்டை விட்டு வந்தவளுக்கு அவருடைய நாற்காலியின்மேல் அப்படி என்ன வன்மம் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும்.

நடுவில் உங்களில் சில கெட்டிக்காரர்கள், நாற்காலியை எடுத்ததே இந்தக் கதையை எழுதுகிறவள்தான், இப்போது அதில் உட்கார்ந்துதான் எழுதுகிறாள் என்று கண்டுபிடித்திருப்பீர்கள். அப்படி முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் வீட்டுப் படிக்கட்டில் அவ்வளவு பெரிய நாற்காலி ஏறாது. நான் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன், இடுப்பு போகிறது.

கீலேனை நான் புரிந்துகொண்டது கதை எழுதி அல்ல. அவளே சொன்னாள்.

6

ரேஜான் கூப்பிட்டபோது எனக்குச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டிலைப் பொருத்திக்கொண்டே பேசினார், போன் ஸ்பீக்கரில் இருந்தது, நடுநடுவே சுத்தியல் சத்தம். நாற்காலி திருட்டுப் போய்விட்டது என்றார். புதிது வாங்கும் விலைக்கு ஈடு தருகிற பாலிசிதான் எடுத்திருந்தார். முதல் ஐந்நூறு டாலர் அவர் பொறுப்பு, அதற்கு மேல் ஆவது எங்கள் பொறுப்பு. தோலும் மோட்டாரும் வைத்த நாற்காலிக்கு ஐந்நூறுக்கு மேலே கணிசமாகவே வரும். குரலில் ஒரு தெம்பு இருந்தது.

எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். நடைபாதையில் என்றார். நடைபாதையில் எங்கே என்று கேட்டேன். இந்தக் கேள்வி திரையில் இல்லை. இந்த ஊரில் குடியிருக்கிறவள் என்பதால் கேட்டேன். சுத்தியல் சத்தம் மட்டும் வந்தது.

"மரத்தடியில" என்றது பின்னாலிருந்து நீச்சல் குளக் குரல். "சொல்லேன், மரத்தடியிலன்னு."

"இடம் இல்லாம வச்சது மேடம்" என்றார் ரேஜான் அவசரமாக. "அவ வேணும்னு வைக்கல."

"வேணும்னுதான் வச்சேன்."

சுத்தியல் நின்றது.

அப்புறம் அவள் சொன்னதை என் சொற்களில் சுருக்குகிறேன். மரத்தடியில் வைத்தபோது இடமில்லாமல்தான் வைத்தாளாம். இரண்டு மாணவர்கள் வந்து, இதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்களாம். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாளாம். அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ரேஜான் ஒரு நண்பனிடம் உரக்கச் சொல்லியிருக்கிறார்: நாற்காலி பத்திரம், நாளைக்கு ஒத்துவராவிட்டால் நான் திரும்பத் தூக்கிக்கொண்டு போக வேண்டியது அது ஒன்றுதான்.

"நான் என் வீட்டயே விட்டுட்டு வந்து நிக்கறேன்" என்றாள் கீலேன். "திரும்பிப் போக எனக்கு எடம் கெடையாது. இவன் போறதுக்கு வண்டி தயாரா வச்சிருக்கான், கால் பலகையோட. எடுத்துக்கோங்க கண்ணுகளான்னேன். கனமா இருந்துச்சு, ஒரு பக்கம் நானும் புடிச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன். இந்த அழைப்புகள் பதிவாகின்றன.

"தமாஷுக்குச் சொன்னதுடி அது" என்றார் ரேஜான்.

"எனக்குச் சிரிப்பு வரல" என்றாள்.

இழப்பீட்டு விண்ணப்பம் அடுத்த பக்கத்துக்குப் போக மறுத்தது. காலியாக விட்ட கட்டம் சிவப்பாக மின்னியது. கேட்டேன்: "ஐயா, கீலேன் உங்களுக்கு யார்?"

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றார். விளக்கியிருக்கக் கூடாது, விளக்கிவிட்டேன். துணைவர் என்றால் அவளும் அதே பாலிசிக்குள் வந்துவிடுகிறாள். பாலிசிக்குள் இருக்கிற ஒருவர் தானாகத் தூக்கிக் கொடுத்தது திருட்டாகாது, பைசா பெயராது. உடன் குடியிருப்பவர் என்றால் அவள் வெளியாள். வெளியாள் ஒருத்தி உங்களைக் கேட்காமல் உங்கள் பொருளைக் கொடுத்துவிட்டாள் என்றால், திருட்டுக் கணக்கில் சேர்த்துப் பார்க்க இடம் உண்டு. (எங்கள் பாலிசியில் இப்படி. உங்களுடையதில் எப்படியோ, அந்த அறுபது பக்கத்தைப் படியுங்கள்.)

பிறகு கீலேன் பேசினாள். அந்தக் குரல் அவ்வளவு சின்னதாக ஆகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"வெளியாள்னே போட்டுக்க ரேஜான். காசு வரும். வேற வாங்கிக்க."

7

எழுதுகிறவளுக்கு இந்த இடத்தில் இரண்டு முடிவுகள் கையில் இருக்கின்றன.

[ரேஜான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "துணைவர்னு போடுங்க மேடம்" என்றார். பின்னால் கீலேன் விம்மும் சத்தம்...] ஐயோ, வேண்டாம். திகட்டுகிறது. இத்தனை வருடம் வாயில் வராத சொல், நான் ஒரு கட்டத்தைக் காட்டியதும் வந்துவிடுமா?

["உடன் குடியிருப்பவர்" என்றார் ரேஜான். பணம் வந்தது. புது நாற்காலி வந்தது. அவள் போய்விட்டாள்.] போக அவளுக்கு இடம் எங்கே இருக்கிறது? அவளைத் தெருவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நான் அவ்வளவு நல்ல எழுத்தாளர் இல்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ரேஜான் இரண்டையும் சொல்லவில்லை.

"மூடிடுங்க மேடம்" என்றார். "திருட்டெல்லாம் ஒண்ணும் போகல. எனக்கு எதுவும் வேண்டாம்."

நாற்காலியும் போனது, பணமும் போனது, அந்தச் சொல்லும் வாயிலிருந்து வரவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சொல்லித் தொலையேன் ஐயா, ஒரு சொல்தானே! அப்புறம் யோசித்தேன். வெளியாள் என்று சொன்னால் பணம் வரும் என்று தெரிந்தும் அதை அவர் சொல்லவில்லையே. அதை எந்தப் பக்கம் சேர்ப்பது? திரையில் அதற்குக் கட்டம் இல்லை. விண்ணப்பத்தை மூடினேன்.

"போனக் குடு" என்றாள் கீலேன். ஸ்பீக்கரை அணைக்கவில்லை. "மேடம், என் பேர்ல தனியா ஒரு பாலிசி எடுக்கணும். இதே வீடு."

அதற்கு அவளை விற்பனைப் பிரிவுக்கு மாற்றியிருக்க வேண்டும், விதி அது. நான் மாற்றவில்லை. புதுப் பக்கத்தைத் திறந்தேன். பெயர் கேட்டேன், சொன்னாள். முகவரி, செய்கிற தொழில், நாய் உண்டா, புகைப்பீர்களா, எல்லாம் கேட்டேன், எல்லாம் சொன்னாள். உங்களோடு வேறு யாரும் குடியிருக்கிறார்களா என்று கேட்டேன்.

"ரேஜான் பெல்யுமேர்" என்றாள்.

"அவர் உங்களுக்கு யார்?"

அந்தப் பக்கம் சுத்தியல் கீழே வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. கீலேன் சட்டென்று பதில் சொல்லவில்லை, ஆனால் சொன்னாள். அது பதிவாகியிருக்கிறது. நான் குறித்தும் வைத்தேன். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால், அட, அவ்வளவுதானா என்று புத்தகத்தை மூடிவிட்டுப் போய்விடுவீர்கள். எனக்கு உங்களைத் தெரியும்.

அதற்குப் பதிலாக நீங்கள் ஒன்று செய்யுங்கள். இதைப் படிக்கும் இந்த நேரத்தில் உங்கள் வீட்டில், அடுத்த அறையில் இருக்கிறாரே ஒருவர், அவரை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் இல்லையென்றால், இருந்திருக்க வேண்டிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டங்கள் இரண்டே இரண்டு. ஒன்றைச் சொன்னால் பணம் கிடைக்கும்.

அவர் உங்களுக்கு யார்?

அவசரமில்லை, நிதானமாகச் சொல்லுங்கள். நான் லைனில்தான் இருக்கிறேன்.